கல்ச்சுரல் சென்டர்னா சும்மா இல்லீங்க: ஆப்பிரிக்காவுல சாஃப்ட் பவர் எப்படி வேலை செய்யுது

சென்னையில நுங்கம்பாக்கம் பக்கம் சுத்துனவங்களுக்கு அல்லியான்ஸ் பிரான்சேஸ்ங்கிற பிரெஞ்சு சென்டர் தெரிஞ்சிருக்கும், அங்கிருந்து கொஞ்சம் தள்ளிப் போனா ஜெர்மன்காரங்களோட மேக்ஸ் முல்லர் பவன், ஆழ்வார்பேட்டைப் பக்கம்னா ரஷ்யன் கல்ச்சுரல் சென்டர். காலேஜ் படிக்கிறப்ப நான் இங்கெல்லாம் போனதுக்கு முதல் காரணம் ஏசி, ரெண்டாவது காரணம் ஓசிப் படம், கலை ஆர்வம்லாம் மூணாவது தான். இவ்ளோ வாடகை, கரண்ட் பில்லு, சம்பளம்லாம் குடுத்து இன்னொரு நாட்டு கவர்மென்ட் எனக்கு எதுக்கு ஓசியில படம் காட்டணும்னு ஒரு தடவை கூட தோணுனதில்ல.

தோணாததுக்கும் ஒரு காரணம் இருக்கு. நமக்கு அந்த சென்டர் இருந்தாலும் ஒண்ணுதான் இல்லாட்டியும் ஒண்ணுதான், இங்க சபா இருக்கு, சினிமா இருக்கு, கோயில் திருவிழா மேடை இருக்கு, பப்ளிஷர் இருக்காங்க. ஆப்பிரிக்காவுல பல ஊர்ல நிலைமை அப்படி இல்ல. நல்ல லைட்டு, நல்ல சவுண்டு, கரண்ட் போனா ஜெனரேட்டர், நேரத்துக்கு திறக்கிற கேட்டு, இதெல்லாம் உள்ள ஒரே அரங்கம் பிரெஞ்சு சென்டர் தான்னு பல வருஷம் ஓடியிருக்கு. அதனால இந்த விஷயம் எப்படி வேலை செய்யுதுன்னு புரிஞ்சுக்கணும்னா அங்க பாக்குறதுதான் சரி.

முதல்ல அந்த வார்த்தை. சாஃப்ட் பவர்ங்கிற வார்த்தையை 1990-ல கொண்டு வந்தவர் ஜோசப் நைங்கிற அமெரிக்க பேராசிரியர். ஒருத்தர்கிட்ட நமக்கு வேண்டியதை வாங்க மூணு வழி இருக்கு, மிரட்டி வாங்கலாம், காசு குடுத்து வாங்கலாம், இல்லன்னா அவருக்கே நம்ம மேல ஒரு பிடிப்பு வர வச்சு அவரே விரும்பிக் குடுக்கிற மாதிரி பண்ணலாம். இந்த மூணாவதுதான் சாஃப்ட் பவர். பொண்ணு பாக்க வர்றாங்கன்னா வீட்டுக்கு வெள்ளையடிச்சு, சொஜ்ஜி பஜ்ஜி போட்டு, பக்கத்து வீட்டு சண்டையெல்லாம் அன்னிக்கு மட்டும் நிறுத்தி வைக்கிறோம்ல, அந்த வகை. கல்ச்சுரல் டிப்ளமசிங்கிறது இதையே ஒரு நாடு ஆபீஸ் போட்டு, பட்ஜெட் போட்டு, ஆள் வச்சுப் பண்றது.

இதுக்கு ரிசல்ட் உடனே வராது. இன்னிக்கு லைப்ரரியில உக்காந்து படிக்கிற பையன் இருபது வருஷம் கழிச்சு மந்திரியா வருவான், இல்ல பேப்பர் ஆசிரியரா வருவான், அப்போ அவன் மனசுல நம்ம நாட்டுக்கு ஒரு இடம் இருக்கும்ங்கிற கணக்கு. கணக்கு சில சமயம் தப்பாவும் போகும், அது எப்படின்னு பின்னாடி சொல்றேன், இந்தக் கதையில எனக்குப் பிடிச்ச பகுதியே அதுதான்.

யார் யார் இந்த ஆட்டத்துல இருக்காங்கன்னு வேகமா பாத்துடலாம். அல்லியான்ஸ் பிரான்சேஸ் 1883-ல பாரிஸ்ல ஆரம்பிச்சது. அதுக்குப் பத்துப் பன்னெண்டு வருஷம் முன்னாடிதான் பிரான்ஸ் பிரஷ்யாகிட்ட போர்ல தோத்து அவமானப்பட்டிருந்துச்சு, துப்பாக்கியில விட்டதை மொழியில பிடிக்கலாம்ங்கிற யோசனை. அதோட முழுப் பேருலயே "காலனிகளிலும் வெளிநாடுகளிலும் தேசிய மொழியைப் பரப்ப"ன்னு பச்சையா போட்டிருந்தாங்க, பிற்காலத்துல அந்த வாலைக் கழட்டிட்டாங்க. பிரிட்டிஷ் கவுன்சில் 1934, ஹிட்லர் முசோலினி பிரச்சாரத்துக்குப் பதில் சொல்றதுக்காக. கோத்தே இன்ஸ்டிடியூட் (நம்ம ஊர் மேக்ஸ் முல்லர் பவன் இவங்களோடதுதான்) 1951, நாஜி காலத்து கெட்ட பேரைக் கழுவ வேண்டிய தேவை ஜெர்மனிக்கு இருந்துச்சு, அதனாலயோ என்னவோ காசு அரசாங்கத்தோடது ஆனா நிர்வாகம் தனிங்கிற ஏற்பாட்டை அவங்க கொஞ்சம் ஜாஸ்தியாவே கடைப்பிடிக்கிறாங்க. பிரிட்டிஷ் கவுன்சில் நம்மாளுங்களுக்கு, 2021 வரைக்கும் இந்தியாவுல அவங்க நடத்துன ஐஇஎல்டிஎஸ் பரீட்சை மூலமா நல்லாத் தெரியும், பரீட்சை ஃபீஸும் இங்கிலீஷ் கிளாஸும்தான் அவங்களுக்குப் பெரிய வருமானம். சீனா லேட்டா வந்தாங்க, கன்ஃபூசியஸ் இன்ஸ்டிடியூட் 2004-ல ஆரம்பிச்சு அடுத்த வருஷமே, 2005-ல, நைரோபி யுனிவர்சிட்டிக்குள்ள ஆப்பிரிக்காவோட முதல் கிளை. நம்ம நாடும் ஒதுங்கி நிக்கல, ஐசிசிஆர்ங்கிற இந்திய கலாச்சார உறவு கவுன்சில் 1950-லயே வந்தாச்சு, கெய்ரோ, தார் எஸ் சலாம், மொரீஷியஸ்னு அவங்களுக்கும் சென்டர் இருக்கு.

கோல்ட் வார் காலத்துலதான் போட்டி உச்சத்துல இருந்துச்சு. ஆப்பிரிக்க நாடுகள் வரிசையா சுதந்திரம் வாங்குன டைம், அமெரிக்காவுக்கும் ரஷ்யாவுக்கும் ஒவ்வொரு புது நாடும் ஒரு ஓட்டு. 1960-ல அமெரிக்க அரசாங்கம் கறுப்பின ஜாஸ் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங்கை ட்ரம்பெட்டோட காங்கோ வரைக்கும் அனுப்பி வச்சுச்சு, கறுப்பினத்தவருக்கு எங்க நாட்டுல எவ்ளோ மதிப்பு பாருங்கன்னு காட்டுறதுக்கு. வேடிக்கை என்னன்னா இதே ஆம்ஸ்ட்ராங் 1957-ல, அமெரிக்காவோட லிட்டில் ராக் ஊர் ஸ்கூல்ல கறுப்பினப் பிள்ளைகளை உள்ள விடாம தடுத்தப்போ, கோவத்துல கவர்மென்ட் ஏற்பாடு பண்ண இருந்த சோவியத் டூரையே வேணாம்னுட்டவர். 1966-ல செனகல்ல, டக்கார்ல, ஜனாதிபதி செங்கோர் உலக கறுப்பினக் கலைவிழா நடத்துனப்போ அமெரிக்கா இன்னொரு ஜாஸ் ஜாம்பவான் டியூக் எலிங்டனை அனுப்புச்சு, ரஷ்யா விருந்தாளிங்க தங்குறதுக்கு கப்பலே அனுப்புச்சு. கல்யாண வீட்டுல ரெண்டு சம்பந்தி சீர் வைக்கிற மாதிரி.

சரி, இதெல்லாம் பெரிய ஆளுங்க கதை, ஒரு சாதாரண ஆர்ட்டிஸ்டுக்கு இதுல என்ன?

நைரோபியில லொய்ட்டா தெருவும் மன்ரோவியா தெருவும் சேர்ற மூலையில ஒரு பக்கம் அல்லியான்ஸ், எதுத்தாப்புல மேந்தேலியோ ஹவுஸ் கட்டடத்துல கோத்தே. புதுசா பேண்ட் ஆரம்பிச்ச பசங்க, போட்டோ எடுக்கிறவங்க, பெயின்ட் பண்றவங்க, நாடகக்காரங்கன்னு பலருக்கு முதல் மேடையோ முதல் எக்ஸிபிஷனோ இந்த மூலைதான். அல்லியான்ஸ் கென்ய இசைக்குன்னே தனியா ப்ரோக்ராம் நடத்தி ஆல்பம் போட்டுக் குடுத்திருக்கு, கோத்தே 2011-ல பெர்லின் எலக்ட்ரானிக் மியூசிக் ஆளுங்களை நைரோபி பசங்களோட உக்கார வச்சு ஒரு ஆல்பமே வெளியிட்டுச்சு. யாரும் பிரான்ஸ் வாழ்கன்னு பாடச் சொல்லல, ஜெர்மனியைப் புகழ்ந்து ஒரு வரி போடச் சொல்லல. அப்போ எங்க இருந்து வருது இன்ஃப்ளுயன்ஸ்?

ப்ரொபோசல் பாரத்துல இருந்து வருது. இதை நான் விளையாட்டுக்குச் சொல்லல. ஒரு சென்டர்ல ஷோ பண்ணனும்னா முதல்ல அவங்க மொழியில, இல்ல அட்லீஸ்ட் இங்கிலீஷ்ல, ரெண்டு பக்கம் எழுதிக் குடுக்கணும், இந்த வேலை எதைப் பத்தினது, சமூகத்துல என்ன தாக்கம், பட்ஜெட் எவ்ளோ, எத்தனை பேர் பயணம் பண்ணுவீங்கன்னு. இப்படி எழுதத் தெரிஞ்சவன் உள்ள போறான், பிரமாதமா பாடத் தெரிஞ்சு எழுதத் தெரியாதவன் கேட்டுக்கு வெளிய. அடுத்து, அந்த வருஷம் ஐரோப்பாவுல எது பேசப்படுதோ அது ஃபண்டிங் தலைப்பா வருது. ஒரு வருஷம் இடப்பெயர்வுன்னா அடுத்த வருஷம் பருவநிலை, அதுக்கடுத்த வருஷம் டிஜிட்டல். ஆர்ட்டிஸ்ட் முட்டாள் இல்ல, தான் ஏற்கனவே பண்ணி வச்சிருக்கிறதை அந்தத் தலைப்புக்கு ஏத்த மாதிரி திருப்பிக் காட்டுவான். நாலஞ்சு தடவை திருப்புனா அப்புறம் அந்தப் பக்கமே திரும்பி நிக்கப் பழகிடும், அவ்ளோதான் விஷயம்.

டான்ஸ்ல இது கண்ணால பாக்குற மாதிரி தெரியும். சுதந்திரம் வாங்குன காலத்துல ஆப்பிரிக்க நாடுகளோட பெருமை நேஷனல் பேலேங்கிற பெரிய குழுக்கள். கினி நாட்டோட லே பாலே ஆஃப்ரிகேன் அதுல ரொம்ப ஃபேமஸ், கெய்டா ஃபொடேபாங்கிறவர் ஆரம்பிச்சது, மேடை நிறைய ஆட்டக்காரங்க, மேளக்காரங்க, பாட்டுக்காரங்க, ஊர்த் திருவிழாவையே தூக்கிட்டு வந்த மாதிரி. அப்புறம் 1995-ல பிரான்ஸ் உதவியோட ஆப்பிரிக்க கன்டெம்பரரி டான்ஸுக்குன்னு ஒரு போட்டி அங்கோலாவோட லுவாண்டாவுல ஆரம்பிக்குது, ஜெயிச்சா பிரெஞ்சு சென்டர்கள் வழியா டூர், அப்புறம் ஐரோப்பா. டூர்னா பிளைட் டிக்கெட், ஹோட்டல் ரூம், விசா. நாப்பது பேரைக் கூட்டிட்டுப் போக எந்த சென்டர்லயும் பட்ஜெட் கிடையாது. அதனால மேடையில ஆளு குறையுது, மூணு பேர், ரெண்டு பேர், சில சமயம் ஒரே ஆள், ஒரு மணி நேரத்துக்குள்ள முடியிற பீஸ், செட்டு எல்லாம் ஒரு சூட்கேஸ்ல அடங்கணும். இதை யாரும் ரூலா போடல. பட்ஜெட் ஷீட்ல இருக்கிற கட்டம் மேடையில ஸ்டைலா மாறிடுச்சு.

ஆனா இதுல வந்த வேலை மட்டமான வேலைன்னு சொல்ல வாய் வராது. புர்கினா ஃபாசோவோட சாலியா சானு, செய்டு போரோ ரெண்டு பேரும் இந்தப் போட்டியில பரிசு வாங்கி வந்தவங்கதான், உலகம் சுத்துனாங்க, அப்புறம் ஊருக்குத் திரும்பி வந்து 2006-ல வாகடூகுவுல லா தெர்மித்தியேர்னு டான்ஸ் சென்டரே கட்டுனாங்க. லா தெர்மித்தியேர்னா கரையான் புத்து. செனகல்ல ஜெர்மேன் அகோஞ்யி கடலோரமா தூபாப் ஜாலாவ் கிராமத்துல மணல் தரையில ஒரு டான்ஸ் ஸ்கூல் நடத்துறாங்க, 1998-ல ஆரம்பிச்சது, கண்டம் முழுக்க இருந்து பிள்ளைங்க அங்க வந்து கத்துக்கிறாங்க.

இன்னொண்ணும் சொல்லணும், வெளிநாட்டுக் காசுன்னாலே விஷம், சொந்த நாட்டு அரசாங்கம்னா அமிர்தம்னு யாராவது சொன்னா அந்த கெய்டா ஃபொடேபா கதையைச் சொல்லுங்க. கினியோட மந்திரியாவே இருந்தவர், நாட்டுக்கே அடையாளமா ஒரு டான்ஸ் குழுவைக் குடுத்தவர், 1969-ல அதே அரசாங்கத்தோட கேம்ப் புவாரோ சிறையிலதான் செத்தார். கென்யாவுலயும் பாருங்க. 1976-ல கென்ய எழுத்தாளர்கள் கூகி வா தியாங்கோவும் மிசேரே முகோவும் சேர்ந்து எழுதுன ஒரு நாடகம், லாகோஸ்ல நடக்கப்போற பெரிய ஆப்பிரிக்கக் கலைவிழாவுக்கு நாட்டோட சார்பா போக வேண்டியது, அதுக்கு நேஷனல் தியேட்டர்ல தேதி கேட்டா ஒரு பிரெஞ்சு பேலேவுக்கும் ஒரு வெளிநாட்டு காமெடி மியூசிக்கலுக்கும் நடுவுல சில நாள் மட்டும் ஒதுக்குனாங்க. பேரு நேஷனல் தியேட்டர்! வெறுத்துப்போன கூகி அடுத்த வருஷம் கமிரித்துங்கிற கிராமத்துல ஊர் ஜனங்களே கட்டுன திறந்தவெளி மேடையில தன் தாய்மொழி கிகூயுவுல நாடகம் போட்டார், கூட்டம் அலைமோதுச்சு, சில வாரத்துல அரசாங்கம் லைசென்ஸை ரத்து பண்ணுச்சு, வருஷக் கடைசியில அவரை விசாரணையே இல்லாம உள்ள தூக்கிப் போட்டாங்க. 1982-ல போலீஸ் வந்து அந்த மேடையையே இடிச்சுப் போட்டுட்டாங்க. இந்த மாதிரி ஊருல வெளிநாட்டு சென்டரோட காம்பவுண்டு சுவர் ஒரு கலைஞனுக்கு என்னவா தெரியும்னு யோசிச்சுப் பாருங்க.

சூடான் இதுக்கு இன்னொரு உதாரணம். 1989 ராணுவப் புரட்சிக்கு அப்புறம் அங்க சினிமாவே கிட்டத்தட்ட செத்துப்போச்சு, தியேட்டரெல்லாம் பூட்டு. 2010-ல கார்ட்டூம்ல கோத்தே இன்ஸ்டிடியூட்டோட திட்டமா சூடான் ஃபில்ம் ஃபேக்டரி ஆரம்பிச்சது, தலால் அஃபீஃபிங்கிறவர் முன்ன நின்னு நடத்துனார், படம் எடுக்கவே தெரியாத பசங்களுக்கு கேமரா குடுத்து வொர்க்‌ஷாப். நாலு வருஷத்துல சொந்தமா ஒரு ஃபில்ம் ஃபெஸ்டிவல் நடத்துற அளவுக்கு வந்துட்டாங்க. ஜெர்மன் காசுதான். ஆனா அந்த இடம் இல்லன்னா அந்தப் பசங்க எங்க போயிருப்பாங்க?

இப்போ முன்னாடி சொன்ன அந்தத் தப்பிப்போன கணக்கு. 1950-ல பெர்லின்ல காங்கிரஸ் ஃபார் கல்ச்சுரல் ஃப்ரீடம்னு ஒரு அமைப்பு ஆரம்பிச்சாங்க, எழுத்தாளர்களோட சுதந்திரத்துக்கான அமைப்புன்னு பேரு. ஆப்பிரிக்காவுல இவங்க காசு நிறைய இடத்துக்குப் போச்சு. நைஜீரியாவுல இபாதான் ஊர்ல 1961-ல வந்த ம்பாரி கிளப், நைஜீரிய எழுத்தாளர்கள் சோயிங்கா, அச்சிபி, ஒகிக்போ எல்லாம் அதுல இருந்தாங்க. உகாண்டாவுல கம்பாலாவுல அதே வருஷம் ராஜத் நியோகிங்கிற வங்காளி வம்சாவளி இளைஞர் ஆரம்பிச்ச டிரான்ஸிஷன் பத்திரிகைக்கும் கொஞ்ச நாள்லயே இவங்க உதவி. 1962 ஜூன்ல கம்பாலா மகெரெரே யுனிவர்சிட்டியில ஆப்பிரிக்க எழுத்தாளர் மாநாடு நடந்துச்சு, அதுக்கும் இவங்கதான் செலவு. அந்த மாநாட்டுக்கு ஸ்டூடன்ட்டா வந்த கூகி தன்னோட நாவல் கையெழுத்துப் பிரதியை அச்சிபிகிட்ட குடுத்தார், அது அப்படியே லண்டன் வரைக்கும் போய் புத்தகமாச்சு. 1966, 67-ல குட்டு வெளிப்பட்டுச்சு: அந்தக் காங்கிரஸ் ஃபார் கல்ச்சுரல் ஃப்ரீடத்துக்குப் பின்னாடி இருந்தது அமெரிக்க உளவுத்துறை சிஐஏ. எழுத்தாளர்கள்ல பலருக்கு அதிர்ச்சி, காசு யாரோடதுன்னு தெரியாமலேயே அந்தப் பந்தியில உக்காந்து சாப்பிட்டு எழுந்துட்டாங்க.

இதுவரைக்கும் கேட்டா சதிக் கதை மாதிரி இருக்கும். ஆனா மாநாட்டுக்கு வச்ச பேரைப் பாருங்க, "இங்கிலீஷ்ல எழுதும் ஆப்பிரிக்க எழுத்தாளர்" மாநாடு. சுவாஹிலியில எழுதுறவரோ யொருபாவுல எழுதுறவரோ உள்ளயே வர முடியாது. இதைப் பாத்து கடுப்பான ஓபி வாலிங்கிற நைஜீரியர் 1963-ல ஒரு கட்டுரை எழுதுனார், ஆப்பிரிக்க மொழியில எழுதலன்னா இந்த இலக்கியம் முட்டுச்சந்துதான்னு. அந்தக் கட்டுரை எதுல வந்துச்சு தெரியுமா, அதே டிரான்ஸிஷன் பத்திரிகையில! அந்தக் காசுல ஓடுன பத்திரிகையிலயே அந்தக் காசுல நடந்த மாநாட்டைக் கிழிச்சுத் தொங்கவிட்டாங்க. பல வருஷம் கழிச்சு கூகி இங்கிலீஷை விட்டுட்டு கிகூயுவுல நாவல் எழுத ஆரம்பிச்சப்போ, ஓபி வாலி கிளப்புன அந்தக் கேள்வியைத்தான் திரும்ப எடுத்துப் பேசுனார். அந்த முதல் கிகூயு நாவலை ஜெயில்ல டாய்லெட் பேப்பர்ல எழுதுனாரு மனுஷன். கம்யூனிசத்தைத் தடுக்கப் போட்ட விதை, முளைச்சு வந்தது இங்கிலீஷுக்கு எதிரான வாதம். நியோகியும் சும்மா இல்ல, உகாண்டா அரசாங்கத்தை விமர்சிச்சு வந்த எழுத்துக்காக 1968-ல ஜெயிலுக்குப் போனார்.

அதனால சென்டர்காரன் கயிறு இழுக்கிறான் ஆர்ட்டிஸ்ட் பொம்மையா ஆடுறான்னு நினைச்சா அது தப்பு. செனகல்காரர் செம்பேன் உஸ்மானை எடுத்துக்குங்க. மார்செய் துறைமுகத்துல மூட்டை தூக்குனவர், பிரெஞ்சுல நாவல் எழுதுனார், செனகல்ல அதைப் படிக்கிற ஆளே கம்மின்னு சினிமாவுக்குத் தாவுனார், கத்துக்கப் போனது மாஸ்கோவுக்கு, சோவியத் ஸ்காலர்ஷிப்ல. அதுக்கு முன்னாடி பிரெஞ்சு காலனிகள்ல ஆப்பிரிக்கர் கேமரா பிடிக்கிறதே 1934 சட்டப்படி பெர்மிஷன் வாங்கித்தான், வாங்கவும் விட மாட்டாங்க. சுதந்திரத்துக்கு அப்புறம் பிரான்ஸே ஆப்பிரிக்கப் படங்களுக்கு காசு குடுக்க ஒரு பிரிவு வச்சுச்சு, பிரான்ஸ்ல ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்துல வேலைக்காரியா போய் நொறுங்கிப்போற செனகல் பொண்ணோட கதையை செம்பேன் கொண்டு போனப்போ அந்தப் பிரிவு ஸ்கிரிப்டை நிராகரிச்சுச்சு. அவர் வேற வழியில எடுத்து முடிச்சார், 1966-ல பிரான்ஸ்லயே ஜான் விகோங்கிற சினிமா விருது வாங்குனார். அடுத்த படத்தை 1968-ல வோலோஃப் மொழியில எடுத்தார், அதுக்கு பிரெஞ்சு அரசாங்கப் பணமே வந்துச்சு, கண்டிஷன் என்னன்னா பிரெஞ்சு வெர்ஷனும் எடுக்கணும். சரின்னு ரெண்டும் எடுத்தார். மாஸ்கோவுல கத்துக்கிட்டு, பாரிஸ்ல காசு வாங்கி, ஊர் மொழியில பேசுன ஆளு.

இவ்ளோ சாமர்த்தியம் எல்லாருக்கும் வாய்க்காது, அதுதான் பிரச்சினை. எண்பதுகள்ல ஐஎம்எஃப், வேர்ல்டு பேங்க் கடன் கண்டிஷன்னு ஆப்பிரிக்க அரசாங்கங்கள் செலவைக் குறைச்சப்போ முதல்ல வெட்டு விழுந்தது கலாச்சார பட்ஜெட்ல. சினிமா கொட்டகையெல்லாம் குடோன் ஆச்சு, சர்ச் ஆச்சு. நடுவுல எரிஞ்ச ஒரே விளக்கு வெளிநாட்டு சென்டர்ங்கிற நிலைமை அப்போ வந்ததுதான். ஒரு ஊர்ல ஒரே மளிகைக் கடை இருந்தா கடைக்காரர் எவ்ளோ நல்லவரா இருந்தாலும் அவர் வச்சிருக்கிற அரிசிதான் ஊர் சாப்பாடு. அதோட ரூட்டும் அவங்க போட்ட ரூட்டுதான். டக்கார்ல இருந்து நைஜரோட நியாமே வரைக்கும் பிரெஞ்சு சென்டர் வழியா டூர் அடிக்கலாம், ஆனா நைஜீரியாவோட லாகோஸ்ல இருந்து பக்கத்துல இருக்கிற பெனின் நாட்டு கொட்டொனூவுக்கு, ரோட்டு வழியா ஒரே நாள் பயணம்தான், அங்க போய் ஷோ போட வழி இருக்காது, ஏன்னா ஒண்ணு இங்கிலீஷ்காரன் ஆண்ட ஊரு ஒண்ணு பிரெஞ்சுக்காரன் ஆண்ட ஊரு. புர்கினா ஃபாசோ தலைநகர்ல, ஆப்பிரிக்காவோட மிகப் பெரிய சினிமா விழா 1969-ல இருந்து நடக்கிற வாகடூகுவுல, பிரெஞ்சு சென்டர் அரங்கத்துக்கு என்ன பேரு வச்சிருந்தாங்கன்னா ஜார்ஜ் மெலியே, பிரெஞ்சு சினிமா முன்னோடி. பேர்ல என்ன இருக்குன்னு கேக்கலாம், கடைசியில வர்றேன் அதுக்கு.

2022 செப்டம்பர் கடைசியில அந்த வாகடூகுவுல ராணுவப் புரட்சி நடந்துச்சு, அக்டோபர் பொறந்ததும் கூட்டம் பிரெஞ்சு தூதரகத்தையும் தாக்குச்சு, கூடவே இந்த பிரெஞ்சு சென்டரையும் தாக்குச்சு, வாசல்ல தீ வச்சாங்க. ஊர்ப் பசங்க ரிகர்சல் பண்ற இடம்னு அன்னிக்கு யாரும் பாக்கல, கொடி மட்டும்தான் கண்ணுல பட்டுச்சு. அடுத்த வருஷம் அடி மறுபக்கத்துல இருந்து வந்துச்சு. 2023 ஜூலையில நைஜர்லயும் புரட்சி, பிரான்ஸோட உறவு முறிஞ்சுது, செப்டம்பர்ல பிரான்ஸ் அரங்கங்களுக்கெல்லாம் கவர்மென்ட்ல இருந்து ஒரு சர்க்குலர் போச்சு, மாலி, நைஜர், புர்கினா ஃபாசோ கலைஞர்களோட எல்லா வேலையையும் நிறுத்துங்க, விசாவும் கிடையாதுன்னு. பிரெஞ்சு நாடக அரங்கக்காரங்களே கொதிச்சுப் போய் எதிர்த்தாங்க, அப்புறம்தான் கலாச்சார மந்திரியும் மக்ரோனும் கலைஞர்களை பாய்காட் பண்ணலன்னு விளக்கம் குடுத்தாங்க, விசா கையில இருக்கிறவங்க வரலாம்னு. முப்பது வருஷமா நட்பு, உரையாடல், கலைக்கு எல்லை இல்லன்னு பேசிட்டு, தூதர் முகத்தைத் திருப்புனதும் முதல் அடி வாங்குறது ஒரு டான்ஸர்னா அந்த நட்புக்கு என்ன அர்த்தம்? என்னைக் கேட்டா, அந்த ஒரு சர்க்குலர் பண்ணுன சேதத்தை பத்து ஃபெஸ்டிவல் நடத்துனாலும் சரிக்கட்ட முடியாது.

காலி இடத்துக்கு ஆள் வராம இருக்குமா. ரஷ்யன் ஹவுஸ்ங்கிற ரஷ்ய கல்ச்சுரல் சென்டர் மத்திய ஆப்பிரிக்கக் குடியரசோட பாங்குயியில எல்லாம் இப்போ பிஸி. சீனா வேற ரூட்டு, நிகழ்ச்சியை விட கட்டடம். டக்கார்ல பெரிய தேசிய நாடக அரங்கம் சீன உதவியில கட்டி 2011-ல திறந்தாங்க, கறுப்பின நாகரிகங்கள் மியூசியம் அதே உதவியில 2018-ல. கட்டடத்தைக் குடுத்துட்டு உள்ள என்ன போடணும்னு அவங்க பெருசா தலையிடல, ஆனா உள்ள போடுறதுக்கு வருஷா வருஷம் காசு வேணுமே, அது யார் தருவாங்கங்கிறது வேற கேள்வி.

ஊர்க்காரங்களே கட்டுனதும் இருக்கு, அதைச் சொல்லாம விட்டா கதை ஒருதலையா போயிடும். கேமரூன்ல டூவாலாவுல டூவால் ஆர்ட் 1991-ல இருந்து, லாகோஸ்ல பிசி சில்வா 2007-ல ஆரம்பிச்ச சிசிஏ, டக்கார்ல கொயோ குவோ ஆரம்பிச்ச ரா மெட்டீரியல் கம்பெனி, எல்லாம் கலை மையங்கள். கானாவுல இப்ராஹிம் மஹாமா சாக்குப் பைகளைத் தைச்சு கட்டடங்களைப் போர்த்துற வேலையில உலகப் பேர் வாங்கி, வந்த காசைக் கொண்டு போய் தமாலேங்கிற தன் சொந்த ஊர்ல பெரிய கலை மையமா போட்டார், பழைய விமானங்களைக் கூட வாங்கி நிறுத்தி வச்சிருக்கார், ஸ்கூல் பிள்ளைங்க ஏறி உக்காந்து பாடம் படிக்கிறாங்க.

கடைசியா நியாமே. நைஜர் தலைநகர்ல பிரான்ஸ் நைஜர் ரெண்டுக்கும் பொதுவா ஒரு சென்டர் இருந்துச்சு, பேரு ஜான் ரூஷ். இவர் பிரெஞ்சு மானிடவியலாளர், நைஜர்ல வாழ்நாள் முழுக்க படம் எடுத்தவர், 2004-ல அங்கேயே கார் விபத்துல செத்து நியாமேவுலயே புதைச்சாங்க. இவரைத்தான் செம்பேன் 1965-ல நேருக்கு நேர் உக்கார வச்சு, எங்களை நீங்க பூச்சியைப் பாக்குற மாதிரி பாக்குறீங்கன்னு சொன்னார். புரட்சிக்கு அப்புறம் ராணுவ அரசாங்கம் பிரான்ஸோட ஒப்பந்தத்தை ரத்து பண்ணுச்சு, 2024 அக்டோபர்ல ரூஷ் பேரை எடுத்துட்டு முஸ்தபா அலசான் பேரை வச்சாங்க.

முஸ்தபா அலசான் யாருன்னா மெக்கானிக்கா இருந்து சினிமாவுக்கு வந்த நைஜர்க்காரர், சஹாராவுக்குத் தெற்கே அனிமேஷன் படம் எடுத்த முன்னோடி. சினிமாவுக்குள்ள அவரைக் கூட்டிட்டு வந்ததும், அனிமேஷன் கத்துக்க கனடாவுல அனிமேஷன் ஜாம்பவான் நார்மன் மெக்லாரன்கிட்ட போக வழி பண்ணி விட்டதும் அதே ஜான் ரூஷ் தான். 1966-ல அலசான் ஒரு படம் எடுத்தார். அமெரிக்கா போயிட்டு ஊருக்குத் திரும்புற ஒருத்தன் சிநேகிதங்களுக்குப் பரிசா ஒரு பெட்டி நிறைய கௌபாய் டிரெஸ் கொண்டு வர்றான். தொப்பி, பூட்ஸு, துப்பாக்கி எல்லாம் போட்டுக்கிட்டு அந்த நைஜர் கிராமத்துப் பசங்க குதிரையைத் திருடி, தங்களுக்குள்ள அடிச்சுக்கிட்டு, ஊரையே ரெண்டு பண்றாங்க. பெட்டியைக் கொண்டு வந்தவன் வில்லன் இல்ல, ஆசையாத்தான் கொண்டு வந்தான்.